அளத்து ரோட்டின் நீளம்

சப், டிக். சப், டிக். வார் அறுந்த ஹவாய் செருப்பின் அடியில் ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு அக்கா சொர்ணம் நடந்த சத்தம் அது. குதிகாலில் செருப்பு அடிக்கும்போது சப், ஊக்கு ரோட்டில் தட்டும்போது டிக். மீனாங்கரை உப்பளத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும், இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக வானம் கிடந்த அளத்து ரோட்டில், அக்கா டைப்ரைட்டிங் வகுப்புக்கும் தங்கை ஞானப்பூ பள்ளிக்கூடத்துக்கும் நடந்துபோன வருடங்களில், காற்று எந்தப் பக்கம் வீசினாலும் அந்தச் சத்தம் மட்டும் காற்றோடு போகாமல் ஞானப்பூவின் காதுக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. பின்னால் அவள் மின்சார ஆபீஸில் தட்டச்சராகி, அப்பாவையும் அம்மாவையும் ஒவ்வொருவராக அடக்கம் செய்து, தலை நரைத்து, சர்க்கரை வியாதி வந்து, ஊருக்குள் வாடகை வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தபோதும் விழுந்துகொண்டிருந்தது.

அக்கா நடந்துகொண்டே சினிமாக் கதை சொல்வாள். அளத்து ரோட்டின் நீளமும் ஒரு சினிமாவின் நீளமும் ஒன்று. குவார்ட்டர்ஸ் வாசலில் எழுத்துப் போடும். முதல் உப்புக் குவியல் வரும்போது முதல் பாட்டு. ஓடைப் பாலத்தில் சண்டை. காற்றாடி வைத்த பம்பு ஷெட்டில் இடைவேளை, அங்கே உட்கார்ந்து இரண்டு பேரும் டிபன் டப்பா மூடியில் வறுகடலையைக் கொட்டித் தின்பார்கள். தனியாக நிற்கிற முள் மரமான உடை மரத்தடியில் யாராவது ஒரு தாய்க்கு உடம்புக்கு முடியாமல் போகும். ரயில்வே கேட்டின் வெள்ளையும் சிவப்பும் கண்ணில் பட்டதும் முடிவு தொடங்கும். பல வருடங்கள் கழித்து அந்தப் படங்களில் சிலவற்றை டிவியில் பார்த்த ஞானப்பூ, ஒன்றில்கூட அக்கா சொன்ன கதை இல்லை என்று கண்டுபிடித்தாள். அக்கா போஸ்டரை மட்டுமே பார்த்திருக்கிறாள். அது தெரிந்தபோது ஞானப்பூவுக்கு ஏமாற்றமாக இல்லை. அந்தக் கதைகள் அக்காவிடமும் அந்த ரோட்டிலும் தவிர வேறு எங்கேயும் இல்லை என்பதுதான் நெஞ்சில் பாரமாக உட்கார்ந்தது.

ஏனென்றால் கடைசிக் கதை பாதியில் நின்றிருந்தது. பார்வை போன ஒருவன், பாட்டுக்காரியான தன் மனைவியைத் தொலைத்துவிட்டு, அவள் குரலை மட்டும் அடையாளமாக வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடுகிறான். கடைசியில் ஒரு ரயில் நிலையத்தில் இந்தப் பிளாட்பாரத்தில் அவன், அந்தப் பிளாட்பாரத்தில் அவள், நடுவில் ஒரு கூட்ஸ் வண்டி போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அவள் பாடுகிறாள், சக்கரச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அந்த இடத்தில் கேட் வந்துவிட்டது. கேட்டை அடுத்த சின்ன ஸ்டேஷனில், தகரப் பெட்டியோடு, அப்பாவுக்குப் பிடிக்காத ஒரு மனிதர் நின்றிருந்தார். குஜராத்தில் ஜாம்நகர்ப் பக்கம் உப்பளத்துக்கு மேஸ்திரியாகப் போகிறவர். பாசஞ்சர் வண்டியும் வந்தது.

"வண்டி போன பெறகு என்னாச்சுக்கா?" என்று கேட்டாள் ஞானப்பூ.

அக்கா அவள் கன்னத்தைத் தட்டினாள். "மீதிய வந்து சொல்லுதேம்ட்டி," என்றாள், ஏறிப் போனாள்.

அன்றைக்கு ஞானப்பூ தனியாக வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். அந்த ரோடு அவ்வளவு நீளமாக அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை.

சொர்ணம் வரவில்லை. அப்பா இருக்கும்வரை வரமுடியாமல் இருந்தது; அப்பா போன பிறகு, வராமல் இருப்பது பழகிவிட்டது. கோபம் ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு போன் செய்வார்கள். அங்கே குளிரா என்று இவள் கேட்பாள், இங்கே மழையா என்று அவள் கேட்பாள், பிறகு இருவரும் கொஞ்ச நேரம் கம்பியின் இரைச்சலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். கதையின் மீதியை போனில் கேட்க ஞானப்பூவுக்கு வாய் வரவில்லை. அது ரோட்டில் சொல்ல வேண்டிய கதை. அக்கா வரும்போது ரோடு அப்படியே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிற்க. டாக்டர் அவளை தினமும் நடக்கச் சொன்னார். ஞானப்பூ முயன்று பார்த்தாள். இரண்டு தெரு தாண்டுவதற்குள் காதில் சப், டிக் என்று தொடங்கிவிடும், பக்கத்தில் ஆள் இருக்காது, கண் கலங்கும், பார்க்கிறவர்கள் என்ன என்று கேட்பார்கள். நடப்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற காரியம் என்று அவளுக்குத் தோன்றியது. ஓடுவது அப்படியில்லை, மூச்சு வாங்குகிற ஆளிடம் யாரும் கதை சொல்ல முடியாது. ஆகவே அவள் ஓடலாம் என்று முடிவு செய்தாள்.

ஊரில் விடியற்காலையில் ஓடுகிற ஒரு கூட்டம் இருந்தது. அதற்குத் தலைவர் ஹார்டுவேர் கடை அந்தோணிராஜ் அண்ணாச்சி, தன் வயிற்றைக் குறைப்பதற்காகக் கூட்டம் சேர்த்து, கூட்டம் பெருகிய அளவுக்கு வயிறு குறையாதவர். சுடிதார் டாப்ஸுக்கு அடியில் டிராக் பேன்ட்டும், காலில் புதுக் கான்வாஸ் ஷூவுமாக வந்து நின்ற ஞானப்பூவைப் பார்த்து அவர், "ஓட்டம்னா பறக்கணும்னு இல்லம்மா. ஒரு லைட் கம்பம் ஓடுங்க, ஒரு கம்பம் நடங்க. நடுவுல ஒக்காந்திராதிய, நாய் வந்து மோந்து பாக்கும்," என்றார்.

ஒரு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. முதல் நாள் விலாவில் பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் கெண்டைக்கால் கல்லாகி, ஆபீஸ் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாள். பெருவிரல் நகம் கறுத்தது. நாய்கள் முதலில் குரைத்து, பிறகு கூடவே ஓடி, பிறகு சலித்துப்போய்ப் படுத்துக்கொண்டன. ஒரு மாதம் கழித்து ஒரு நாள், நடக்க வேண்டிய கம்பத்தை மறந்து அடுத்த கம்பத்தையும் ஓடியே கடந்துவிட்டாள், அன்றைக்கு அவளுக்கு வந்த சிரிப்பை ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் லைன்மேன் சுடலைமுத்து அவள் மேசைக்கு வந்தார். "மேடம், உங்க தெருவுல வயரெல்லாம் தொங்குது. கம்பம் கிட்ட கிட்ட வந்துட்டு."

"யாரு நகத்துனா?"

"யாரும் நகத்தல. தெரு குட்டையாயிட்டு. நீங்க ஓடுத பக்கமெல்லாம் அப்படித்தான் இருக்கு. வயரை வெட்டிக் கட்டிட்டேன். வெட்டுன துண்டு வீட்டுல கொடி கட்ட நல்லாருக்கு, உங்களுக்கு வேணுமா?"

அவள் ஒரு துண்டு வாங்கிக்கொண்டாள். அப்படித்தான் அது தெரிந்தது: ஞானப்பூ ஓடிய ரோடு மறுநாள் விடியும்போது கொஞ்சம் குறைந்திருக்கும். வீடுகள் சுருங்கவில்லை, மரங்கள் சுருங்கவில்லை, நடுவில் இருந்த தூரம் மட்டும், கழுவிய துணியில் ஈரம் போவதுபோலச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒரு முழம், இரண்டு முழம்; போகப் போக ஒரு வீட்டு நீளம், இரண்டு வீட்டு நீளம். ஏன் என்று யாரும் மெனக்கெட்டுக் கேட்கவில்லை. தூரம் எங்கே போகிறது என்று டீக்கடையில் ஒரு தடவை பேச்சு வந்தது. அது அந்த அம்மாவின் கெண்டைக்காலில் போய்ச் சேருகிறது, பார்த்தாலே தெரியவில்லையா என்று ஒருவர் சொன்னார், பேச்சு அதோடு முடிந்து வேறு பக்கம் போய்விட்டது.

பேசுவதற்கு வேறு நிறைய இருந்தது. கடற்கரையிலிருந்து மார்க்கெட்டுக்கு மீன் கூடை சுமக்கிற பெண்கள், மீன் துள்ளத் துள்ள வந்து சேருகிறது என்று அவள் வீட்டு வாசலில் வாரம் ஒரு பொதி நெத்திலி வைத்துவிட்டுப் போனார்கள். மாசமாக இருந்த மருமகள்களின் மாமியார்கள் ஆஸ்பத்திரி ரோட்டில் ஓடச் சொல்லிக் கேட்டார்கள், ஓடினாள். மினி பஸ் டிரைவர், மூன்றாவது கியர் போடுவதற்குள் ஸ்டாப் வந்துவிடுகிறது, மூன்றாவது கியர் துருப்பிடித்துப் போகும் என்று கவலைப்பட்டார். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஒருவர் குக்கர் விசிலை ஒருவர் எண்ணிக்கொள்ளும்படி ஆயிற்று, நின்றுபோயிருந்த சில பேச்சுவார்த்தைகள் மறுபடி தொடங்கின, சில புதிதாக நின்றன. கல்லூரியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஜோடியாக நடந்துவருகிற பிள்ளைகள் மட்டும் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் பஸ் ஸ்டாண்டு வந்துவிடுகிறதாம். சர்ச்சில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "கல்லறைத் தோட்டத்து ரோட்டுல மட்டும் ஓடாதிய ஞானப்பூ. மூணு பாட்டு பாடுத தூரம் இருந்தாத்தான் மனுசன் அழுது முடிப்பான்," என்றார். அவள் சரி என்றாள். தேர் ஓடுகிற தெருக்காரர்களும் வந்து அதையே கேட்டார்கள், அதற்கும் சரி என்றாள்.

அவளாகவே ஓடாமல் வைத்திருந்த ரோடு ஒன்றுதான். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், அளத்து ரோடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சில நாள் கேட் வரை போய், அது நீளமாகக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

முதல் பந்தயம் பக்கத்து ஊரில் நடந்தது. ஐந்து கிலோமீட்டர். அந்தோணிராஜ் அண்ணாச்சி வேன் பிடித்து எல்லோரையும் கூட்டிப்போனார். நெஞ்சில் எண் எழுதிய துணியை கட்டிக்கொள்வதற்கு முன் ஞானப்பூ ஊக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அக்காவின் செருப்பில் இருந்ததும் இதே மாதிரி ஊக்குதான். துப்பாக்கி வெடித்ததும் ஊரே அவளைத் தாண்டிப் போயிற்று. கடைசி ஆளாக அவள், அவளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "நிதானமா வாங்கம்மா, எனக்கு வேற ஜோலி இல்ல," என்று சொல்லிக்கொண்டே வந்தார். முடிவுக் கோட்டில் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள், அவளைக் கண்டதும், ஒரு பக்கம் அவிழ்த்த பேனரைக் கையால் தூக்கிப் பிடித்தார்கள். அவள் அதற்கு அடியில் குனிந்து ஓடினாள். கழுத்தில் போட்ட மெடலை வேனில் வரும்போது வாயருகே கொண்டுபோய், யாரும் பார்க்காதபோது, குளிர்ச்சியாக இருக்கிறதா என்று உதட்டில் வைத்துப் பார்த்தாள். மறுநாள் அந்த ஊரிலிருந்து போன் வந்தது. எங்கள் மெயின் ரோடு கொஞ்சம் குறைந்திருக்கிறது, ரொம்ப நன்றி, அடுத்த வருடமும் வாருங்கள் என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சிக்கு ஆசை வந்தது. மீனாங்கரையிலேயே ஒரு பந்தயம், பத்து கிலோமீட்டர். நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, மதுரையிலிருந்துகூட ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊரை அளக்கப் போனவர், மத்தியானம் வெயிலில் வேர்த்து ஞானப்பூவின் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஊருல பத்து கிலோமீட்டர் இல்லம்மா."

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

"சுத்திச் சுத்திப் பாத்துட்டேன். நீங்க ஓடி ஓடித் தீத்துட்டிய. மிச்சம் இருக்கது அளத்து ரோடு ஒண்ணுதான். கேட்டுலேருந்து குவார்ட்டர்ஸுக்கு அஞ்சு, திரும்பி வர அஞ்சு. அங்கதான் வச்சாகணும்."

"அப்ப நான் ஓடல."

"நீங்க ஓடலேன்னா எப்படி? உங்களைப் பாத்துத்தான் நாப்பது பொம்பளைங்க பேரு குடுத்திருக்காவ."

அண்ணாச்சி தன் கடை வெள்ளை எனாமலை எடுத்துப்போய், கேட்டிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ரோட்டில் பெரிதாக எண் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, குவார்ட்டர்ஸ் வாசலில் ஐந்து. அளந்த அன்றைக்கு அது சரியான ஐந்துதான்.

எண் காய்வதற்குள் அளத்துப் பெண்கள் ஞானப்பூவின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஊருக்குள்ளிருந்து தினமும் விடியும் முன்பே தூக்குச்சட்டியோடு அந்த ரோட்டில் நடந்து உப்பு வாரப் போகிறவர்கள். முத்துப்பேச்சிதான் பேசினாள், முப்பது வருடமாக அளத்தில் வேலை செய்கிறவள்.

"யக்கா, ஊரெல்லாம் ஓடுதிய. எங்க ரோட்டுல மட்டும் ஏன் கால வைக்க மாட்டேங்கிய?"

ஞானப்பூ உள்ளதைச் சொன்னாள். "எங்க அக்கா கதை சொன்ன ரோடு முத்துப்பேச்சி. மீதிய வந்து சொல்லுதேன்னு போனா. ரோடு குட்டையாயிட்டா கதை எங்க கொள்ளும்?"

முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. "நியாயந்தான்," என்றாள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கி, பாளம் பாளமாக வெடித்து ஓரம் வெளுத்திருந்த பாதத்தைக் காட்டினாள். "உப்பு சுமந்துட்டு உச்சி வெயில்ல திரும்பி வருவோம்லா, அப்ப அந்தக் கேட்டு இருக்கே, அது கிட்டவே வராது. வாரோம், வாரோம், அது அங்கனயே நிக்கும். உங்களுக்கு அது கதை ரோடு. எங்களுக்கு அதுல பேச்சே கெடையாது, மூச்சுதான்."

பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண், "அக்கா வந்தா மினி பஸ்ல ஒக்காந்து மீதிக் கதைய சொல்லச் சொல்லுங்க, நாங்களும் கேப்போம்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஞானப்பூவும் சிரித்தாள், ஆனால் அவர்கள் போன பிறகு வெகு நேரம் வாசலிலேயே நின்றுகொண்டு, இத்தனை வருடம் இரண்டு பேர் நடந்ததாகத் தான் நினைத்திருந்த ரோட்டில் எத்தனை பேர் நடந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தாள்.

மறுநாள் விடியலில் கேட்டைத் தாண்டி ஓடத் தொடங்கினாள்.

முதலில் போனது ஒரு பாட்டு. உப்புக் குவியலுக்கும் ஓடைப் பாலத்துக்கும் நடுவில் அந்தப் பாட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. பிறகு ஒரு சிரிப்புக் காட்சி போனது, பிறகு ஒரு கல்யாணம். பம்பு ஷெட் பாலத்தை நெருங்கி நெருங்கி வந்து, சண்டை முடிந்து மூச்சு விடுவதற்குள் இடைவேளை வந்துவிட்டது. உடை மரத்தடியில் உடம்புக்கு முடியாமல் கிடந்த தாய்மார்கள் இரண்டு வார்த்தை பேசிச் செத்துப்போனார்கள். ஒவ்வொரு நாளும் ஓடி முடித்துக் கேட்டில் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, இன்றைக்கு எது போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிடும், பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல மனசு அங்கேயே போய்ப் போய் வரும். எதிரே அளத்துப் பெண்கள் வருவார்கள். இப்போதெல்லாம் மகளுக்குத் தலை பின்னிவிட்டு வர நேரம் இருக்கிறது என்பாள் ஒருத்தி. திரும்பிப்போய்க் கொஞ்சம் கண் அசர முடிகிறது என்பாள் இன்னொருத்தி. முத்துப்பேச்சி தூக்குச்சட்டியைத் திறந்து மூடியில் நீச்சத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். அதை வாங்கிக் குடித்துவிட்டு, போனதை யாரிடமும் சொல்லாமல் ஞானப்பூ வீட்டுக்குப் போவாள்.

பந்தயத்தன்று காலையில் கேட் முன்னால் திருவிழாக் கூட்டம். ரோட்டில் வெள்ளை எண்கள் ஒன்றுகூடக் குறையாமல் ஒன்றிலிருந்து ஐந்து வரை இருந்தன. அவையும் ரோட்டோடு சேர்ந்து கிட்ட கிட்ட வந்திருந்தன என்பது யாருக்கும் உறைக்கவில்லை. தெரு குட்டையாவது அந்த ஊருக்கு அவ்வளவு பழகியிருந்தது. எண் இருக்கிறதா, இருக்கிறது, அப்புறம் என்ன. ஓடினார்கள். மீனாங்கரையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓடி அறியாதவர்கள், மதுரைக்காரர்களின் குதிகாலை மிதிக்கிற அளவுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். அந்தோணிராஜ் அண்ணாச்சி வந்து சேர்ந்த வேகத்தில் தானே நம்பாமல், இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கயல்விழி என்று ஒரு மதுரை வங்கி அதிகாரி, முதலாவதாக வந்தவள், மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "சார், இது பத்து இல்ல. என் வாட்ச்சுல ஏழே முக்கால்தான் காட்டுது."

"அது மதுரைத் தூரம் காட்டும் தாயி," என்றார் அண்ணாச்சி. "இது எங்க ஊர் தூரம். மெடலைப் போட்டுக்கோங்க."

அந்த நேரத்தில் ஞானப்பூ வந்துகொண்டிருந்தாள், கடைசி ஆளாக. குவார்ட்டர்ஸில் திரும்பி, இருக்கிற கதையையெல்லாம் கடந்து, பார்வை போனவனையும் பாட்டுக்காரியையும் உடை மரத்தடியிலேயே பிளாட்பாரத்தில் நிறுத்திவிட்டு, கூட்ஸ் வண்டி பாதி போய்க்கொண்டிருக்கும்போதே கேட்டுக்கு வந்துவிட்டாள். கை தட்டினார்கள். கோட்டைத் தாண்டும்போது ஏழே முக்கால் என்ற பேச்சு அவள் காதில் விழுந்தது. அண்ணாச்சி மெடலை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் கழுத்தைக் குனியவில்லை.

"அண்ணாச்சி, இது பத்து இல்லயே."

"எல்லாருக்கும் அதேதானம்மா. யாரு கேக்கப் போறா?"

"நான் ரோட்டைக் குடுத்திருக்கேன் அண்ணாச்சி," என்றாள் அவள், மூச்சிரைப்புக்கு நடுவில், மெதுவாக. "பத்து கிலோமீட்டராச்சும் முழுசா வேணும்."

கயல்விழி தன் வாட்ச்சில் எதையோ அழுத்தி, கழற்றி அவள் கையில் கட்டினாள். "நீங்களும் நானும் ஒரே தூரம்தான் ஓடியிருக்கோம் ஆன்ட்டி. இது இனி உங்க கணக்குல ஓடும். பத்து ஆனா சத்தம் போடும்."

ஊருக்குள் ஓட ரோடு இல்லை. ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டி வடக்கே போகிற செம்மண் பாதை ஒன்றுதான் இருந்தது. அக்கா போன திசை. அந்தப் பாசஞ்சர் வண்டி போன பிறகு ஞானப்பூ அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. இப்போது திரும்பினாள். முத்துப்பேச்சி தண்ணீர் பாட்டிலோடு கொஞ்ச தூரம் கூட வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "போங்க, நான் இங்கனயே நிக்கேன்," என்று நின்றுவிட்டாள். அதன் பிறகு யாரும் இல்லை. கால் கனத்தது, கண்ணில் உப்பு வேர்வை இறங்கியது. வலது ஷூவின் கயிறு அவிழ்ந்து, அதன் பிளாஸ்டிக் நுனி ஒவ்வொரு எட்டுக்கும் ஷூவில் தட்டியது. அவள் குனிந்து கட்டவில்லை. சப், டிக். சப், டிக். சத்தம் முதல் தடவையாகத் தன் காலிலிருந்தே வந்ததைக் கேட்டுக்கொண்டு ஓடினாள்.

வாட்ச் சத்தம் போட்ட இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு சிக்னல் கம்பம், வெட்டிப்போட்ட கருவேலம் முள், காய்ந்த சாணி. அவள் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பி நடந்து வந்து, வாட்ச்சைக் கயல்விழியிடம் கொடுத்துவிட்டு, காத்திருந்த அண்ணாச்சியிடம் மெடலை வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் தினமும் அளத்து ரோட்டில் போய்த் திரும்பி, அப்படியே அந்தச் செம்மண் பாதையிலும் ஓடினாள். வடக்கே இருந்த ஊர்கள் நாளுக்கு நாள் கிட்ட வந்தன. காலை வண்டிகள் நேரத்துக்கு முன்பே வந்து ஸ்டேஷனுக்கு வெளியே நின்று பெருமூச்சு விட்டன. வண்டி வரும் நேரம் பார்த்து உலை வைக்கிறவர்கள் கொஞ்ச நாள் குழம்பி, பிறகு சரியாகிவிட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு போன் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மத்தியானம் சொர்ணமே வந்து வாசலில் நின்றாள். நரைத்து, தடித்து, சேலையை வடக்கத்திப் பெண்கள் மாதிரி வலது தோளில் போட்டுக்கொண்டு. முழங்கால் வலிக்காக டாக்டர் சொல்லி வாங்கிய மெத்தென்ற செருப்பு, சத்தமே போடாத செருப்பு.

"ஏட்டி ஞானப்பூ, ஒரு மாசமா எங்க தெரு தெக்காம பாத்து இழுக்குது. காலைல வாசல் தெளிக்கப் போனா தண்ணி தெக்க ஓடுது. என்னன்னு பாப்போம்னு வண்டி ஏறுனேன்." உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "வந்து பாத்தா அவ்வளவு தூரமே இல்லட்டி. இத்தனை வருசமும் தூரம் தூரம்னுல்லா நெனச்சிட்டுக் கெடந்தேன்."

வெயில் தாழ்ந்ததும் இருவரும் அளத்து ரோட்டுக்குப் போனார்கள். ரோடு அப்போது ஒரு தெருவின் நீளத்துக்கு ஆகியிருந்தது. பம்பு ஷெட்டும் பாலமும் உடை மரமும், குளிருக்கு ஒடுங்கிய ஆட்கள் மாதிரி ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஞானப்பூ வறுகடலை கொண்டுவந்திருந்தாள்.

"மீதிய சொல்லுக்கா."

"என்ன மீதி?"

"கண்ணு தெரியாதவன் கதை. பொண்டாட்டி பாட்டுக்காரி."

"எந்தப் படம்ட்டி அது?" என்றாள் சொர்ணம்.

ஆகவே ஞானப்பூ சொன்னாள். எழுத்துப் போடுவதிலிருந்து தொடங்கி, குறைந்துபோன பாட்டையும், போய்விட்ட கல்யாணத்தையும், சாகிற தாய்க்கு உண்டான முழுப் பேச்சையும் ஒன்று விடாமல் சொன்னாள். ஒரு தடவை நடந்தால் முதல் பாட்டுக்கே ரோடு தீர்ந்தது. திரும்பினார்கள், மறுபடி திரும்பினார்கள். அன்றைக்குச் சாயங்கால வேலை முடிந்து வந்த அளத்துப் பெண்கள், இரண்டு கிழவிகள் கேட்டுக்கும் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் போவதும் வருவதுமாக இருப்பதைப் பார்த்து, இடைஞ்சல் செய்யாமல் ஓரமாக ஒதுங்கிப் போனார்கள்; முத்துப்பேச்சி மட்டும் இடைவேளை வரை கூட நடந்து, அவன் கண் போன இடத்தில் மூக்கைச் சிந்திவிட்டு, உலை வைக்க வேண்டும் என்று போனாள். இருட்டும் நேரத்தில் கூட்ஸ் வண்டி வந்தது. இந்தப் பிளாட்பாரத்தில் அவன், அந்தப் பிளாட்பாரத்தில் அவள்.

"இங்கதான் நிறுத்துனே," என்றாள் ஞானப்பூ. "வண்டி போன பெறகு என்னாச்சு?"

சொர்ணம் கடலைத் தோலை ஊதினாள். "நல்லாத்தான் சொல்லியிருக்கேன்," என்றாள். பிறகு, "எனக்குத் தெரியாதுட்டி. அன்னைக்கே தெரியாது. அதான் வந்து சொல்லுதேன்னு போனேன்."

ஞானப்பூ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட் மூடியிருந்தது. திறக்கிறவரை இருவரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள்.

சொர்ணம் புது வருட ஆராதனை முடிந்து ஜாம்நகருக்கே திரும்பிப் போனாள். பேரப்பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு முழங்காலில் ஆபரேஷன் செய்தார்கள், சரியாகவில்லை. இப்போது வீட்டோடு இருக்கிறாள், நடப்பதில்லை.